இறால் சுட்ட ஞாயிற்றுக்கிழமை

"கோழிப் பிரட்டல் எல்லாரும் போடறதுதான் புள்ள. இந்தத் தடவ நான் வேற ஒண்ணு வச்சிருக்கேன்" என்று பிச்சைமுத்து சொன்னபோதே நல்லம்மாள் புருஷன் காதை இழுத்துப் பிடித்து உட்கார வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. அதுதான் அவள் செய்த முதல் தப்பு.

கமுந்திங் ஊரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் ஞாயிறு மதியம் பெண் பார்க்க வருகிறார்கள் என்று தரகர் ராமையா போன வாரம் சொல்லிவிட்டுப் போனார். அதிலிருந்து அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை. இரண்டு வருஷமாக வந்த வரன்களையெல்லாம் 'இப்ப வேணாம்மா' என்று தட்டிக்கழித்துக்கொண்டிருந்த செல்லாயி, இந்த முறை போட்டோவைச் சரியாகக்கூடப் பார்க்காமல், "வரச் சொல்லும்மா" என்று சொல்லிவிட்டாள். இருபத்து நாலு வயது மகள் ஒருவழியாக இறங்கி வந்துவிட்டாளே என்ற நிம்மதியில், ஏன் இறங்கி வந்தாள் என்று கேட்க நல்லம்மாளுக்குத் தோன்றவில்லை. அது இரண்டாவது தப்பு.

பிச்சைமுத்து கடலோரப் பந்தாய் ரெமிஸிலிருந்து ஈப்போ மீன் பாசாருக்கு ஐஸ் போட்ட மீன் லோரி ஓட்டுகிறவர். பங்கோர் தீவில் ஒரு ஹோட்டலுக்குச் சரக்கு இறக்கப் போனபோது, கடற்கரையில் வெள்ளைக்காரர்கள் இறாலையும் அன்னாசிப் பழத்தையும் ஒரே குச்சியில் கோர்த்து நெருப்பில் சுட்டுத் தின்பதைப் பார்த்துவிட்டார். அன்றிலிருந்து அந்தக் குச்சி அவர் மூளையில் குத்திக்கொண்டு நின்றது.

"வெயில் கொளுத்துது. பழம்னா ஒடம்புக்குக் குளிர்ச்சிலா" என்றார்.

"நெருப்புல சுட்ட பழம் எப்படிங்க குளிர்ச்சி?"

"ஒனக்குத் தெரியாது. வெள்ளக்காரன் சும்மா சாப்புடுவானா?"

எண்பத்து மூன்றாம் வருஷத்து ஜூன் மாதம். ஈப்போ ஓரத்து ஜெலாப்பாங் முழுக்கப் புழுதியும் புழுக்கமும். குழாயில் தண்ணீர் வருவது காலையில் இரண்டு மணி நேரம்தான். அந்த இரண்டு மணி நேரத்துக்குள் குளித்து, துவைத்து, சமைத்து, வீட்டைக் கழுவி, வருகிறவர்களுக்கு முன்னால் மனிதர்களைப் போல நிற்க வேண்டும்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு நல்லம்மாள் எழுந்து குளிக்கப் போனாள். குளியலறைத் தொட்டியில், பிடித்து வைத்திருந்த அத்தனை தண்ணீரிலும், கறி கோர்த்துச் சுடுகிற நூறு சாத்தே குச்சிகள் மிதந்துகொண்டிருந்தன.

"ஏங்க!"

"ஊறட்டும் புள்ள. காஞ்ச குச்சி நெருப்புல பத்திக்கும்" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"ஊற வைக்க வேற சட்டி கெடைக்கலையா ஒங்களுக்கு?"

"இருக்கற பெரிய சட்டியிலதான் ராலு ஊறுது." பிறகு குரல் இறங்கி வந்தது. "நல்லம்மா, இங்க கொஞ்சம் வாரியா? ராலு என்னமோ மாதிரி இருக்கு."

பொங்கலுக்குப் பொங்கல் வைக்கிற பித்தளைச் சட்டி அது. அதில் மூன்று கிலோ இறால், மஞ்சளும் மிளகாய் விழுதுமாகக் கிடந்தது. நல்லம்மாள் ஒன்றை எடுக்கப் போனாள். எடுக்க வரவில்லை. விரலுக்கிடையில் களி மாதிரி நசுங்கியது.

"இதுல என்னென்ன போட்டீங்க?"

"மஞ்ச, மொளகா, பூண்டு, செராய்ப் புல்லு, கொஞ்சம் சோயா கிச்சாப்பு..."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல." அவர் தலையைச் சொறிந்தார். "அன்னாசிச் சாறு ஒரு மங்கு."

"எப்ப ஊத்துனீங்க?"

"நேத்து சாயங்காலம். நல்லா ஊறட்டுமேன்னு."

ரப்பர் தோட்டத்தில் இருந்த நாளில், முற்றின ஆட்டுக்கறி வேகாவிட்டால் பெண்கள் அன்னாசித் துண்டு இரண்டைப் போடுவார்கள். கறி கரைந்து போகும். முதலாளி தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றதும், சாமான்களை லோரியில் ஏற்றிக்கொண்டு ஈப்போவுக்கு வந்து பதினோரு வருஷமாகிறது. ஆட்டுக்கறியையே கரைக்கிற சாற்றில் ஒரு ராத்திரி முழுக்க இறால் கிடந்தால் என்ன ஆகும் என்று அந்த மனுஷனுக்குத் தோன்றவில்லை.

"பத்து வருசமா மீன் லோரி ஓட்டறீங்க."

"நான் லோரிய ஓட்டறேன் புள்ள. ராலுகூடப் பேசிக்கிட்டா வாரேன்?"

நல்லம்மாள் சட்டியைத் தூக்கிப் பின்கட்டில் வைத்தாள். வாயைத் திறந்தால் அடங்காது என்று தெரிந்ததால் திறக்கவில்லை. அவரே சட்டையை மாட்டிக்கொண்டு, மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு பாசாருக்கு ஓடினார்.

அவரை நம்பினால் விருந்தாளிகளுக்கு வெறும் குச்சிதான் கிடைக்கும் என்று அவள் அடுப்பைப் பற்றவைத்தாள். சோறு, கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு, ரசம், முட்டைக்கோஸ் பொரியல். பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் கத்தரிக்காயா என்று மனம் அடித்துக்கொண்டது. கோழி வாங்கவிடாதவரைச் சொல்ல வேண்டும்.

செல்லாயி தரையில் உட்கார்ந்து அன்னாசி வெட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அரைப்பழமாக நாலு மாங்காய். மகள் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு வாரமாகவே இப்படித்தான். கம்பெனியிலிருந்து வந்தால் படுக்கை, எழுந்தால் கம்பெனி.

"என்னடி மூஞ்சி இது? மாப்பிள்ளை வார அன்னிக்கு எழவு வீட்டுல இருக்கற மாதிரி."

"வெட்டிக்கிட்டுத்தானே இருக்கேன்."

"வெட்டறதச் சொல்லல."

"அம்மா, நான்தான் வரச் சொல்லிட்டேன்ல. சிரிக்கவும் சொல்றியா?"

வீட்டில் ஒருவருக்காவது நேராகப் பதில் சொல்லத் தெரிந்தால் தேவலை என்று நினைத்துக்கொண்டு நல்லம்மாள் குழம்பைக் கிளறினாள்.

பத்து மணிக்கு பிச்சைமுத்து புது இறாலோடு வந்து சேர்ந்தார். கூடவே, யாரும் கேட்காத இரண்டு கிலோ கணவாய். இந்தத் தடவை சாறு வேண்டாம் என்று மூன்று முறை சொல்லி, மசாலாவை அவளே தடவிக் கொடுத்தாள். அவர் வாசலில் பாதியாக அறுத்த எண்ணெய் டிரம்மை நிமிர்த்தி வைத்து, கரியைக் கொட்டி மூட்டினார். கரி பிடிக்கவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றினார். பிடித்தது. பிடித்த வேகத்தில் பக்கத்து வீட்டுச் சீனத்தி கொடியில் போட்டிருந்த துணிகளின் பக்கம் புகை மொத்தமாகச் சாய்ந்தது. அவள் வெளியே வந்து, இருமிக்கொண்டே துணிகளை வாரிக்கொண்டு, கதவைச் சாத்தினாள். பத்து வருஷ அக்கம்பக்கத்துச் சிநேகிதம் அந்தக் கதவோடு சாத்திக்கொண்டதுபோல் இருந்தது நல்லம்மாளுக்கு.

"மண்ணெண்ண வாட போகற வரைக்கும் எதையும் மேல வைக்காதீங்க."

"தெரியும் புள்ள, தெரியும்" என்று சொல்லிக்கொண்டே அவர் முதல் வரிசையை வைத்தார்.

ஒரு மணிக்கு வருவதாகச் சொன்னவர்கள் பன்னிரண்டுக்கே வந்துவிட்டார்கள். நீலநிறத் தட்சன் கார் ஒன்று டிரம்மை உரசுகிற மாதிரி வந்து நின்றது. பிச்சைமுத்து முண்டா பனியனும் கரி பிடித்த கையுமாக, வாங்க வாங்க என்று குச்சியோடு கும்பிட்டார்.

முதலில் இறங்கியவள் மாப்பிள்ளையின் அக்கா கருப்பம்மாள். தாய் தகப்பன் இல்லாத வீட்டை நிமிர்த்தி நடத்துகிறவள் என்று தரகர் சொல்லியிருந்தார். இறங்கிய கையோடு சேலையை உதறி, வாசலையும் புகையையும் மனிதர்களையும் ஒரே பார்வையில் எடை போட்டாள். அடுத்து மாப்பிள்ளை பத்துமலை. முப்பத்து மூன்று வயது, கமுந்திங் நூல் ஆலையில் மெஷின் பார்க்கிறவன். போட்டோவில் இருந்ததைவிடக் கறுப்பு, போட்டோவில் இல்லாத ஒரு சாந்தம். கடைசியாக ஓட்டி வந்தவன் இறங்கினான். சுருட்டை முடி, துருதுருவென்ற முகம். ஆனால் தலை நிமிரவில்லை.

"இவன் எங்க கடைசித் தம்பி அர்ச்சுனன்" என்றாள் கருப்பம்மாள். "இங்கதான் ஈப்போவுல பஸ் ஓட்டறான். வாடகைக்கு ரூம் எடுத்துத் தங்கி இருக்கான். சிநேகிதன் காடிய வாங்கிக்கிட்டு வந்து எங்கள ஏத்திக்கிட்டு வந்தான்."

உள்ளே சமையலறையில் என்னவோ உடைந்தது. நல்லம்மாள் ஓடினாள். செல்லாயி ஜன்னலோரம் நின்றிருந்தாள். காலடியில் கண்ணாடி மங்கு சில்லுசில்லாகக் கிடந்தது.

"ஒண்ணை ஒடச்சாச்சா? இன்னும் அஞ்சு இருக்கு, அதையும் ஒடச்சிட்டு வா."

"அம்மா, எனக்குத் தல சுத்துது."

"எனக்கும்தான் காலையிலேருந்து சுத்துது. மூஞ்சியக் கழுவு."

மகளின் உதடு வெளிறிக் கிடந்ததை அவள் பார்த்தாள். பயம் என்று நினைத்தாள். பெண் பார்க்க வந்த அன்று எந்தப் பெண்ணுக்குத்தான் பயம் இல்லை?

கூடத்தில் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்ததும் கருப்பம்மாள் முதல் குண்டைப் போட்டாள்.

"அக்கா, ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். தம்பி கல்யாணம் நிச்சயமாகற வரைக்கும் நான் கவிச்சி தொடறதில்லன்னு முருகனுக்கு நேந்துக்கிட்டிருக்கேன். எட்டு மாசமாச்சு. எனக்குச் சைவமா ஏதாச்சும் இருந்தா போதும்."

தரகர் ராமையா இதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நல்லம்மாள் சிரித்த முகத்தோடு, "அதுக்கென்னங்க, சோறு கொழம்பு எல்லாம் சைவந்தான்" என்று சொல்லிவிட்டு வாசலுக்கு ஓடினாள்.

"பழம் மட்டும் தனியா ஒரு பத்துக் குச்சி கோருங்க. அந்தம்மா கவிச்சி சாப்புடாதாம்."

"அன்னாசி, மாங்கா மட்டுமா? அது தனி அழகுலா!" பிச்சைமுத்துவுக்கு உற்சாகம் பொங்கியது. சமையலறைக்குள் பாய்ந்து, பழத்துண்டுகளைக் கோர்த்து, வெறும் பழம் வெளுத்துத் தெரியக் கூடாது என்று, புது இறால் ஊறிக் கிடந்த மசாலாச் சட்டியில் முக்கி எடுத்துக்கொண்டு போனார். நல்லம்மாள் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் நடந்தது இது. பார்த்தவள் செல்லாயி மட்டும்.

"அம்மா, அப்பா அந்தப் பழத்த..."

"அப்பாவப் பத்தி எனக்கு நீ சொல்லணுமா? பேசிக்கிட்டு நிக்காத. பூ ஒழுங்கா இருக்கா, திரும்பு. அப்பளத் தட்டத் தூக்கு. போ."

தட்டைக் கையில் திணித்துத் தள்ளிவிட்டாள். அவள் செய்த மூன்றாவது தப்பு அது. எண்ணி வைத்துக்கொள்ள அப்போது நேரமில்லை.

கூடத்தில் செல்லாயி தட்டை வைத்துவிட்டு ஒரு கும்பிடு போட்டாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை. பத்துமலையும் அவளை ஒரு நொடிதான் பார்த்தான். பிறகு மரியாதையாகப் பார்வையை எடுத்துக்கொண்டான். அர்ச்சுனன் சுவரில் தொங்கிய காலண்டரையே படித்துக்கொண்டிருந்தான். சீனக் காலண்டர் அது. அவனுக்குச் சீன எழுத்துத் தெரியும் என்று யாரும் சொல்லவில்லை.

பிச்சைமுத்து சுடச்சுடக் குச்சிகளைக் கொண்டுவந்து பரப்பினார். இறாலும் அன்னாசியும் ஒரு பக்கம், கணவாயும் மாங்காயும் ஒரு பக்கம், பழம் மட்டும் தனியாக. ஓரங்கள் கரிந்திருந்தாலும், உண்மையைச் சொன்னால், வாசனை வீட்டைத் தூக்கியது. மண்ணெண்ணெய் நெடியும் லேசாக இருந்தது. யாரும் அதைச் சொல்லவில்லை.

"சாப்புடுங்க, கூச்சப்படாதீங்க. பங்கோர்ல இதத் தின்ன வெள்ளக்காரனுங்க க்யூ நிக்கறானுங்க."

கருப்பம்மாள் பழக்குச்சி ஒன்றை எடுத்துக் கடித்தாள். முகம் மலர்ந்தது. காலையிலிருந்து முதல் முறையாக நல்லம்மாளின் நெஞ்சிலிருந்து ஒரு மூச்சு முழுசாக வெளியே வந்தது.

"நல்லாத்தான் இருக்கு. புளிப்பும் உறைப்புமா."

இரண்டாவது துண்டையும் தின்றாள். மூன்றாவதையும் தின்றாள். பத்துமலை இறால் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு, அக்கா சாப்பிடட்டும் என்று காத்திருந்தான். அர்ச்சுனன் இறால் பக்கம் கையைக் கொண்டுபோகாமல், பழக்குச்சி ஒன்றை எடுத்தான். வாயருகே கொண்டுபோனான்.

"அதத் தொடாதீங்க!"

கூடமே அதிர்ந்தது. செல்லாயி பாய்ந்து அவன் கையிலிருந்த குச்சியைத் தட்டிவிட்டாள். அது பறந்துபோய் காலண்டருக்குக் கீழே விழுந்தது.

"அது ராலு மசாலாவுல முக்கினது. ஒங்களுக்கு ராலு ஆகாதுன்னு தெரியாதா? போன வருசம் கம்பெனி டின்னர்ல தின்னுட்டு மூச்சு முட்டிப் போய்க் கெடந்தது போதாதா?"

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது என்ன என்று அவளுக்கே கேட்டிருக்க வேண்டும். கை அந்தரத்திலேயே நின்றது.

வாசலில் டிரம்முக்குள் கரி மட்டும் படபடவென்று வெடித்தது.

கருப்பம்மாள் மெல்லத் தன் கையிலிருந்த குச்சியைப் பார்த்தாள். அதில் இன்னும் ஒரு துண்டு மாங்காய் மிச்சமிருந்தது.

"ராலு மசாலாவா?" என்றாள். "இதுலயா?"

"சும்மா மேலால லேசா..." என்று பிச்சைமுத்து தொடங்கினார். நல்லம்மாள் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார்.

"நான் மூணு துண்டு தின்னேன். இந்தப் பொண்ணு பாத்துக்கிட்டுத்தான் நின்னுச்சு. எட்டு மாச நேர்த்தி. அப்ப வாயத் தொறக்கல. அவன் வாய்க்கிட்ட கொண்டு போனதும் பாஞ்சுட்டுது." கருப்பம்மாளின் குரல் உயரவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "அர்ச்சுனா, இந்தப் பொண்ண ஒனக்குத் தெரியுமா?"

அர்ச்சுனன் தரையைப் பார்த்தான்.

"அவ கம்பெனி பஸ்ஸ நீதான் ஓட்டறியா?"

"ஆமாக்கா."

நல்லம்மாளுக்குத் தலைக்குள் என்னவோ கழன்றது. இரண்டு வருஷமாக விடியற்காலையில் சந்து முனையில் வந்து நிற்கிற அந்த மஞ்சள் பஸ்ஸை அவள் நூறு தடவை பார்த்திருக்கிறாள். பஸ்ஸைத்தான் பார்த்தாள். அதை ஓட்டுகிறவன் முகத்தை யார் பார்த்தார்கள்?

"அது வந்துங்க, கம்பெனியில எல்லாருக்கும் எல்லாத்தையும் தெரியும். நம்ம பொண்ணுக்கு எரக்க சுபாவம்" என்று பிச்சைமுத்து குறுக்கே விழுந்தார். "பூனைக்கு முள்ளு குத்துனாக்கூட அழுவும்."

"நீங்க போயி நெருப்ப அணைங்க" என்றாள் நல்லம்மாள்.

பத்துமலை கையிலிருந்த குச்சியைத் தட்டில் வைத்தான். தின்னாத குச்சி. தம்பியின் பக்கம் திரும்பி ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

"இங்க வரும்போது, எந்த வீட்டுக்கு வாரோம்னு ஒனக்குத் தெரியுமா?"

அர்ச்சுனன் கார் சாவியை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டான். அதுவே பதிலாக இருந்தது. செல்லாயி அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்தது வெட்கமோ பயமோ இல்லை, கோபம் என்பதை நல்லம்மாள் அப்போதுதான் கண்டாள். மகள் சட்டென்று திரும்பி, அறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டாள்.

கருப்பம்மாள் எழுந்தாள். "போலாம்" என்றாள். வாசல் வரை போனவள் காரைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"இவன் ஓட்டற காடியில நான் ஏற மாட்டேன்."

"எனக்கு ஓட்டத் தெரியாதேக்கா" என்றான் பத்துமலை.

"பஸ்ல போலாம்."

"ஞாயித்துக்கிழம பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் வெயில்ல நிக்கணும். ஏறுக்கா."

அந்த வெயிலில், அந்தப் புகையில், அக்காவை ஏறச் சொல்லிப் பத்துமலை கெஞ்ச, ஓட்ட வேண்டியவன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு குற்றவாளியாக நிற்க, பிச்சைமுத்து மட்டும், "கணவாய கொஞ்சம் பொட்டலம் கட்டித் தரவா?" என்று கேட்டார். நல்லம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது கார் சந்து முனையைக் கடந்திருந்தது.

பிறகு அவள் வாயைத் திறந்தாள். காலையிலிருந்து அடக்கியதெல்லாம் வந்தது. குளியல் தொட்டி, பித்தளைச் சட்டி, அன்னாசிச் சாறு, மண்ணெண்ணெய், பக்கத்து வீட்டுத் துணி, பத்துப் பழக்குச்சி. பிச்சைமுத்து படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்.

எல்லாம் முடிந்ததும், "ஆனா நல்லம்மா, நான் அந்தச் சட்டியில முக்கலேன்னா, கட்டிக் குடுத்திருப்போம்" என்றார் மெதுவாக. "தம்பிய மனசுல வச்சிருக்கற பொண்ண அண்ணனுக்கு."

அவர் வாழ்க்கையில் சரியாகச் சொன்ன ஒரே வார்த்தை அதுவாகத்தான் இருக்கும். அந்த நேரத்தில் அதைச் சொன்னதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அறைக் கதவைத் தட்டினாள். "செல்லாயி, எத்தன நாளா?"

உள்ளேயிருந்து பதில் வந்தது. "ரெண்டு வருசமா முன் சீட்டுலதான் உக்காருவேன். வீட்டுல பேசறேன், பேசறேன்னு ஆறு மாசமா சொன்னாரு. பேசல. எனக்குச் சலிச்சுப் போச்சு. அதான் யாரு வந்தாலும் வரட்டும்னு சொன்னேன். அவரோட அண்ணன்னு எனக்குத் தெரியாதும்மா."

"அவனுக்குத் தெரிஞ்சிருக்கே."

"ரெண்டு வாரமா வேற ரூட்டுக்கு மாறிப் போயிட்டாரு. ஏன்னு இன்னிக்குத்தான் புரிஞ்சுது." கதவுக்கு உள்பக்கம் வளையல் உரசியது. "எனக்கு அண்ணனும் வேணாம். தம்பியும் வேணாம்."

நல்லம்மாள் கதவில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள். மகளைத் திட்டுவதா, தேற்றுவதா? ஒரு பெண்ணைப் பெற்றவளுக்கு இது இரண்டும் ஒரே நேரத்தில் வர வேண்டும் என்று யார் சட்டம் போட்டது?

அப்போது வாசலில் நிழல் தட்டியது. பத்துமலை நின்றிருந்தான். தனியாக. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"பெரிய ரோட்டுல எறங்கிட்டேம்மா" என்றான். "அவன் பக்கத்துல உக்காந்துக்கிட்டு அவ்வளவு தூரம் போக முடியல. அக்காவக் கூட்டிக்கிட்டு அவன் போயிட்டான். நான் பஸ்ல போயிக்கிறேன்."

அவமானப்பட்டுப் போனவன் திரும்பி வந்து நிற்கிறான். என்ன சொல்வது என்று தெரியாமல் நல்லம்மாள் தெரிந்த ஒன்றைக் கேட்டாள்.

"சாப்புட்டீங்களாப்பா?"

"இல்லம்மா."

இலை போட்டாள். சோற்றையும் கத்தரிக்காய்க் குழம்பையும் வைத்தாள். அவன் தலை குனிந்து, பசித்தவன் மாதிரியே சாப்பிட்டான். இன்னும் ஒரு கரண்டி குழம்பை அவள் ஊற்றினாள். தன் மேல் தப்பில்லாமல் இருந்தவன் அன்று அந்த வீட்டில் இவன் ஒருத்தன்தான்.

"தம்பிக்கு ஒங்க பொண்ணக் கேட்டா குடுப்பீங்களாம்மா?" என்றான், இலையைப் பார்த்தபடி.

"அதுக்கென்ன தம்பி, தாராளமா..." என்று பிச்சைமுத்து எழுந்தார்.

"உக்காருங்க" என்றாள் நல்லம்மாள்.

கதவின் தாழ்ப்பாள் விலகியது. செல்லாயி வெளியே வந்தாள். முகம் கழுவியிருந்தாள். பூவை எடுத்துவிட்டிருந்தாள். நேராக வந்து பத்துமலைக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"எல்லாரும் எல்லாரையும் கேக்கறீங்க. நான் ஒண்ணு கேக்கறேன்" என்றாள். "என் போட்டோ ஒங்க வீட்டுக்கு வந்தப்ப அவரு அங்க இருந்தாரா?"

பத்துமலையின் கை சோற்றில் நின்றது. பொய் சொல்லத் தெரியாத முகம் அது. சொல்லாமல் விடவும் தெரியவில்லை.

"இருந்தான். அவன்தான் மொதல்ல கவரப் பிரிச்சுப் பாத்தான்." அவன் சோற்றை ஓரமாக ஒதுக்கினான். "'நல்ல பொண்ணுண்ணே, கட்டிக்க'ன்னு என்கிட்ட சொன்னதே அவன்தான்."

நல்லம்மாள் மகளின் முகத்தைப் பார்க்கப் பயந்தாள். அழுவாள் என்று நினைத்தாள். செல்லாயி அழவில்லை. ரசக் கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"ரசம் ஊத்திக்கங்க" என்றாள். பிறகு அம்மாவின் பக்கம் திரும்பினாள். "நாளைக்குக் காலையில டிப்போவுக்குப் போறேன். அவரு எந்த ரூட்டுக்கு மாறுனாலும் பஸ் கெளம்பறது அங்கேருந்துதான். மூஞ்சியப் பாத்து ஒண்ணு கேக்கணும். நீயும் வாரியாம்மா?"

விடிந்தால் வேலை. சட்டி நாறிக் கிடந்தது. தொட்டியில் தண்ணீர் இல்லை. பக்கத்து வீட்டுச் சீனத்தியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். தரகருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும்.

"எத்தன மணிக்கு?" என்றாள் நல்லம்மாள்.